லாரி எழுந்து நிற்க வேண்டும்: நீளும் துண்டுகளால் உருமாறும் குச்சி உருவம் அமைக்கும் முறை

குச்சி உருவ அசைவூட்டம் பழகுகிறவர்கள் ஓட்டம், குதிப்பு, வாள்சண்டை ஆகியவற்றைக் கடந்தபின் பெரும்பாலும் ஓர் ஆசையில் வந்து நிற்பார்கள்: ஓர் உருவம் நம் கண்ணெதிரே இன்னொன்றாக மாற வேண்டும். வண்டி மனிதனாக எழ வேண்டும், பெட்டி பறவையாக விரிய வேண்டும். முதல் முயற்சியில் இரண்டு தனித்தனி உருவங்களை வரைந்து, நடுவே ஒரு புகைமூட்டத்தை வைத்து ஒன்றை நீக்கி மற்றொன்றைக் கொண்டுவருவோம். பார்ப்பவர் அதை மன்னித்துவிடுவார், ஆனால் நம்ப மாட்டார். ஒரே உருவமே தன் உறுப்புகளை மடித்தும் நகர்த்தியும் மாறினால்தான் அது உருமாற்றம். அதற்கு நீளும் துண்டுகள் வேண்டும்.

இந்த வழிகாட்டியில் நாம் பக்கவாட்டில் தெரியும் ஒரு லாரியை எழுந்து நிற்கும் இயந்திர மனிதனாக மாற்றப் போகிறோம். உருவம் முழுவதற்கும் 28 துண்டுகள் போதும், அவற்றுள் 9 மட்டுமே நீளும். அந்த ஒன்பதும் எங்கே அமைய வேண்டும், ஏன் அங்கே அமைய வேண்டும் என்பதைத் தெரிந்துகொண்டால், வேறு எந்த உருவத்துக்கும் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

மென்பொருளும் சொற்களும்

பீட்டர் போன் உருவாக்கிய பிவோட் அனிமேட்டரில் பழகியவர்களுக்கு அடிப்படை தெரிந்திருக்கும். உருவம் என்பது புள்ளிகளால் இணைந்த கோடுகளின் தொகுப்பு, சிவப்புப் புள்ளியைப் பிடித்து இழுத்தால் கோடு திரும்பும், நீளம் மாறாது. ஆண்ட்ராய்டு, ஐபோன் பேசிகளில் ஓடும் ஸ்டிக் நோட்ஸ் இதே மரபில் வந்தது. அதில் உருவம் அமைக்கும் பக்கத்தில் ஒரு துண்டை 'ஸ்ட்ரெச்சி' என்று குறித்துவிட்டால், அசைவூட்டும்போது அந்தத் துண்டின் நீளத்தையும் இழுத்து மாற்ற முடியும். குறிக்காத துண்டுகள் பழையபடி திரும்ப மட்டுமே செய்யும். நான் ஸ்டிக் நோட்ஸை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். ஆனால் துண்டின் நீளத்தை ஃபிரேமுக்கு ஃபிரேம் (அசைவூட்டத்தின் ஒவ்வொரு தனிப்படத்திலும்) மாற்றவிடும் எந்த மென்பொருளுக்கும் இங்கே சொல்லும் முறை பொருந்தும்.

சொற்களை முதலிலேயே தீர்மானித்துக்கொள்வோம். இரு முனைகளுக்கு இடைப்பட்ட கோடு துண்டு, துண்டுகள் சேரும் புள்ளி கணு. உருவத்தின் எல்லாத் துண்டுகளும் கிளைக்கத் தொடங்கும் முதல் புள்ளி மூலக்கணு. ஒரு துண்டின் முனையிலிருந்து இன்னொன்று கிளைத்தால் முன்னது தாய்த்துண்டு, பின்னது சேய்த்துண்டு. தாய் திரும்பினால் சேயும் சேர்ந்து திரும்பும், தாய் நீண்டால் சேய் அந்த நீளத்துக்கு நகர்ந்து போகும். இந்தக் கடைசி விதியில்தான் உருமாற்றத்தின் வித்தை அடங்கியிருக்கிறது.

நீளும் துண்டு எதற்கு

புதியவர்கள் நீளும் துண்டைக் கண்டதும் கையை நீட்டுவார்கள், காலை நீட்டுவார்கள், உருவம் ரப்பர் பொம்மையாகிவிடும். கேலிச் சித்திரத்துக்கு அது சரி. இயந்திர உருமாற்றத்தில் நீளும் துண்டுக்கு இரண்டு வேலைகள்தான் உண்டு: ஓர் உறுப்பை இடம்விட்டு இடம் நகர்த்துவது, ஓர் உறுப்பை மறைத்து வைப்பது.

பழைய டிரான்சிஸ்டர் வானொலியின் ஏரியல் கம்பியை நினைத்துக்கொள்ளுங்கள். இழுத்தால் கம்பி நீளுவதுபோலத் தெரிகிறது, ஆனால் உலோகம் எங்கேயும் நீளவில்லை, உள்ளே இருந்தது வெளியே வருகிறது. குடையைப் பாருங்கள். விரிக்கும்போது நடுத்தண்டில் ஒரு வளையம் மேலே ஏறுகிறது, அந்த ஒரு நகர்வுதான் எல்லாக் கம்பிகளையும் தள்ளி விரிக்கிறது. நம் துண்டுகளும் இந்த இரண்டில் ஒன்றாக இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியும் துண்டு நீண்டால் அது ஏரியல். கண்ணுக்குத் தெரியாத துண்டு நீண்டு, தன் முனையில் தொங்கும் உறுப்பை நகர்த்தினால் அது குடையின் தண்டு. இந்த இரண்டாவது வகையை இனித் தண்டவாளம் என்று அழைப்போம்.

ஏரியல் வகையில் ஒரு நுணுக்கம் உண்டு. ஒரே நிறமும் தட்டையான முனைகளும் கொண்ட துண்டு நீண்டால், பார்வையாளர் அதை உள்ளிருந்து சறுக்கி வரும் தண்டாகவே எடுத்துக்கொள்வார். அதே துண்டின்மேல் கோடுகளோ புள்ளிகளோ நிறச்சாயலோ இருந்து அவையும் சேர்ந்து நீண்டால், அது ரப்பர் என்று உடனே கண்டுபிடித்துவிடுவார். எனவே நீளும் துண்டுக்கு அலங்காரம் எதுவும் வேண்டாம்.

காகிதத்தில் கணக்கு

மென்பொருளைத் திறப்பதற்கு முன், இரு நிலைகளையும் ஒரே அளவுகோலில் கட்டம் போட்ட தாளில் வரையுங்கள். இதைத் தவிர்த்துவிட்டு நேரே கணுக்களை வைக்கத் தொடங்கியவர்கள் பாதி வழியில், லாரியாக இருக்கும்போது கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் விழிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்களில் நானும் ஒருவன்.

லாரி வலப்பக்கம் பார்த்து நிற்கட்டும். மொத்த நீளம் 240 அலகு: பின்னால் சரக்குப்பெட்டி 160, நடுவே இடைவெளி 10, முன்னால் கேபின் 70. பெட்டி, கேபின் இரண்டின் உயரமும் 80. சக்கரங்கள் மூன்று, விட்டம் 36.

இப்போது இந்தப் பெட்டியை எதுவாக மாற்றுவது என்று பார்க்க வேண்டும். துண்டின் நீளம் மாறினாலும் தடிமன் மாறாது. ஆகவே 80 தடிமனுள்ள பெட்டியை 40 தடிமனுள்ள காலாகச் சுருக்க வழியில்லை. வழி வேறு திசையில் இருக்கிறது: 160-க்கு 80 அளவுள்ள பெட்டியை நீளவாக்கில் பிளந்தால், 160-க்கு 40 அளவில் இரண்டு பட்டைகள் கிடைக்கும். மேல்பட்டை நம் பக்கத்துக் கால், கீழ்ப்பட்டை அப்பக்கத்துக் கால். ஒவ்வொரு பட்டையும் நடுவில் மடிந்தால் 80 அலகில் தொடையும் 80 அலகில் கெண்டையும். லாரியின் பெட்டி முழுவதும் செலவாகிவிட்டது, மிச்சமும் இல்லை, பற்றாக்குறையும் இல்லை. நல்ல உருமாற்றத்தின் அடையாளம் இதுதான். முதல் நிலையில் இருக்கும் பரப்பு இரண்டாம் நிலையில் எங்கே போனது என்று கேட்டால், ஒவ்வொரு துண்டுக்கும் விடை இருக்க வேண்டும்.

கேபின் மனிதனின் மார்பாகிறது, நடுவே இருந்த 10 அலகு இடைவெளி இடுப்பாக 30-க்கு நீளுகிறது. தலையும் கைகளும் கேபினுக்குள் ஒளிந்திருக்கின்றன.

மூலக்கணுவை வைக்கும் இடம்

இதைத் தனித் தலைப்பில் சொல்வதற்குக் காரணம் உண்டு. எல்லாரும் பழக்கத்தின் காரணமாக மூலக்கணுவை இடுப்பில் வைப்பார்கள். நடக்கும் உருவத்துக்கு அது சரியான இடம். ஆனால் நம் லாரி எழுவது பின்முனையைத் தரையில் ஊன்றிக்கொண்டு, அந்த முனையை அச்சாக வைத்துத்தான். மூலக்கணு இடுப்பில் இருந்தால் அது ஊன்றிய முனையைச் சுற்றி 160 அலகு ஆரமுள்ள வட்ட வில்லில் செல்ல வேண்டும். இரண்டு ஃபிரேம்களுக்கு நடுவே மென்பொருள் இடைநிலைகளைத் தானாக நிரப்பும்போது, மூலக்கணு வில்லில் போகாமல் நேர்கோட்டில் போகும். படுத்த நிலைக்கும் நின்ற நிலைக்கும் இடையே ஒரே தாவலாக இதைச் செய்தால், நடுவழியில் இடுப்பு ஊன்றுமுனையிலிருந்து 160 தொலைவில் இருப்பதற்குப் பதிலாக 113-இல் இருக்கும். அந்த 47 அலகு வேறுபாட்டைக் கால்கள் தரையைத் துளைத்துக்கொண்டு போய் ஈடுகட்டும். 30 பாகைக்கு ஒரு ஃபிரேமாகப் பிரித்தால் பிழை 5 அல்லது 6 அலகாகக் குறையும், ஆனால் மறையாது. என் முதல் உருவம் இப்படித்தான் பனிக்கட்டியில் சறுக்கியபடி எழுந்தது.

மூலக்கணுவைப் பெட்டியின் பின்முனையில், உயரத்தின் நடுவில் வையுங்கள். அங்கிருந்து வலப்பக்கமாக 160 அலகு நீளமுள்ள ஒரு மெல்லிய துண்டு இடுப்பு வரை செல்லட்டும். இதன் பெயர் கட்டுப்பாட்டுத் துண்டு. தடிமன் 1 போதும், நிறம் பெட்டியின் நிறம், வரிசையில் எல்லாவற்றுக்கும் பின்னால். உருவத்தின் மற்ற உறுப்புகள் யாவும் இதன் முனையிலிருந்து கிளைக்கின்றன. இப்போது லாரி எழுவது என்பது இந்த ஒரு துண்டை 0 பாகையிலிருந்து 90 பாகைக்குத் திருப்புவது மட்டுமே. கோணம் எப்படி நிரப்பப்பட்டாலும் முனை வில்லிலேயே செல்லும்.

துண்டுகளை அடுக்குதல்

கட்டுப்பாட்டுத் துண்டின் முனைக்கு இடுப்புக்கணு என்று பெயர் வைப்போம். அங்கிருந்து கிளைகளைக் கீழ்க்காணும் முறையில் அமையுங்கள். லாரி நிலையில் உருவத்தை வரைந்துகொண்டு போவதாகவே அளவுகள் தரப்பட்டுள்ளன.

1. இடுப்பு: இடுப்புக்கணுவிலிருந்து வலப்பக்கம் 10 அலகு, தடிமன் 36, நீளும். மனித நிலையில் 30.

2. மார்பு: இடுப்பின் முனையிலிருந்து அதே திசையில் 35, 20, 15 என்று மூன்று துண்டுகள், தடிமன் 80. முதல் மூட்டில் கழுத்தும் முன்சக்கரமும் பொருந்தும், இரண்டாவது மூட்டில் கைகள் பொருந்தும். பின்னிரண்டு துண்டுகளும் தனியாகத் திரும்பாதபடி நிலையானவை என்று குறிக்கவும்.

3. கழுத்து: மார்பின் முதல் மூட்டிலிருந்து வலப்பக்கம் 1 அலகு, தடிமன் 10, நீளும். மனித நிலையில் 40.

4. தலை: கழுத்தின் முனையில் 30 விட்டமுள்ள வட்டம்.

5. கைகள்: மார்பின் இரண்டாவது மூட்டிலிருந்து பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு. மேற்கை 50, முன்கை 50, தடிமன் 22. முன்கையின் முனையில் உள்ளங்கை, வட்டத் துண்டு, 1 அலகு, நீளும், மனித நிலையில் 16.

6. இடுப்புத் தண்டவாளங்கள்: இடுப்புக்கணுவிலிருந்து செங்குத்தாக மேலே ஒன்று, கீழே ஒன்று, ஒவ்வொன்றும் 20 அலகு, நீளும். மனித நிலையில் 4.

7. கால்கள்: தண்டவாளங்களின் முனைகளிலிருந்து இடப்பக்கம் தொடை 80, கெண்டை 80, தடிமன் 40. அப்பக்கத்துக் கெண்டையை மட்டும் 55, 25 என்று இரண்டாகப் பிரித்து, பின்னதை நிலையானதாக்கவும்.

8. பாதங்கள்: கணுக்காலிலிருந்து 44 அலகு, தடிமன் 14. லாரி நிலையில் கெண்டையோடு ஒட்டி வலப்பக்கமாக மடிந்திருக்கும்.

9. சக்கரத் தண்டவாளங்கள்: அப்பக்கத்துக் காலின் முழங்காலிலிருந்து ஒன்று, கெண்டையின் 55 அலகு மூட்டிலிருந்து ஒன்று, இரண்டும் கீழ்நோக்கி 24 அலகு. மார்பின் முதல் மூட்டிலிருந்து கீழ்நோக்கி 44 அலகில் மூன்றாவது. மூன்றும் நீளும், மனித நிலையில் 1. ஒவ்வொன்றின் முனையிலும் ஒரு சக்கரம்.

கூட்டிப் பாருங்கள்: 28 துண்டுகள். நீள்பவை இடுப்பு, கழுத்து, உள்ளங்கைகள் இரண்டு, இடுப்புத் தண்டவாளங்கள் இரண்டு, சக்கரத் தண்டவாளங்கள் மூன்று, ஆக ஒன்பது. மேற்கை, தொடை, கெண்டை எதுவும் நீளவில்லை என்பதைக் கவனியுங்கள். எலும்பாக நடந்துகொள்ள வேண்டிய துண்டை நீளும்படி விட்டால், நடிப்பிக்கும்போது விரல் தவறி இழுத்துவிடுவீர்கள், ஐந்தாறு ஃபிரேம் கழித்துத்தான் ஒரு கை மற்றதைவிட நீண்டிருப்பது தெரியவரும்.

நீளும் துண்டுகளிலும் தண்டவாளங்களுக்கும் கழுத்துக்கும் நீளம் மட்டுமே மாற வேண்டும், கோணம் மாறக்கூடாது. கோணத்தைப் பூட்டும் வசதி உங்கள் மென்பொருளில் இருந்தால் இந்த ஆறுக்கும் பூட்டிவிடுங்கள்.

ஏன் இந்த எண்கள்

எண்களை அப்படியே நகல் எடுப்பதைவிட அவற்றின் காரணம் தெரிந்திருப்பது நல்லது.

தலையின் விட்டம் 30. கழுத்து மார்பின் 35-ஆவது அலகில் தொடங்குகிறது. கழுத்து 1 அலகாகச் சுருங்கியிருக்கும்போது தலை 36 முதல் 66 வரை இருக்கிறது, மார்பு 70 வரை நீள்கிறது, எனவே தலை முழுதும் மறைகிறது. கழுத்து 40 ஆனதும் தலை 75 முதல் 105 வரை, அதாவது மார்புக்கு 5 அலகு மேலே தெளிவாக வெளியே நிற்கிறது. கழுத்தைத் தோள் மூட்டில் பொருத்தியிருந்தால் சுருங்கிய நிலையிலும் தலை கேபினின் முன்பக்கம் துருத்திக்கொண்டிருக்கும், லாரிக்கு மூக்கு முளைத்ததுபோல.

கைகளுக்கும் இதே கணக்கு. தோள் 55-ஆவது அலகில் இருக்கிறது. மேற்கை பின்னோக்கி 50 அலகு சென்றால் 5-ஆவது அலகில் முடிகிறது, முன்கை அங்கிருந்து மடிந்து மீண்டும் 55-க்கு வருகிறது. கேபினுக்குள் சரியாக அடங்கிவிட்டது. உள்ளங்கை 16 அலகாகவே இருந்தால் 71-க்குப் போய் ஒரு அலகு வெளியே எட்டிப் பார்க்கும், அதனால்தான் அது நீளும் துண்டு.

சக்கரத்தின் விட்டம் 36, காலின் தடிமன் 40. சக்கரம் காலைவிடச் சிறியதாக இருப்பதால்தான் தண்டவாளம் சுருங்கியதும் அது காலுக்குப் பின்னால் முழுதும் மறைய முடிகிறது. பெரிய சக்கரம் வேண்டும் என்று 44 ஆக்கினால், மனிதனின் முழங்காலில் இருபுறமும் சக்கரத்தின் விளிம்பு தெரியும். சிலருக்கு அந்தத் தோற்றமே பிடிக்கும், அப்படியானால் அது பிழையல்ல, தெரிந்து செய்ய வேண்டும் என்பதுதான்.

பெட்டியின் அடிவிளிம்பு நடுக்கோட்டிலிருந்து 40 கீழே இருக்கிறது, சக்கரத்தின் மையம் 44 கீழே. கீழ்ப்பட்டையின் நடுக்கோடு ஏற்கெனவே 20 கீழே இருப்பதால் பின்சக்கரங்களுக்கு 24 போதும், கேபினின் நடுக்கோட்டிலிருந்து தொங்கும் முன்சக்கரத்துக்கு 44 வேண்டும். மூன்றும் ஒரே மட்டத்தில் நிற்கும்.

வட்டம் தரும் தொல்லை

இந்த வகை மென்பொருள்களில் வட்டத் துண்டு என்பது இரு கணுக்களையும் தொடும்படி வரையப்படும் வட்டம், துண்டின் நீளமே அதன் விட்டம். இதிலிருந்து இரண்டு விளைவுகள் வருகின்றன. ஒன்று, வட்டத் துண்டை நீளும்படி விட்டால் அது இடம் மாறாது, பருக்கும். உள்ளங்கைக்கு அது பயன்படுகிறது, தலைக்குப் பயன்படாது, ஏனெனில் பலூன்போல ஊதிப் பெரிதாகும் தலை இயந்திரத்துக்கு ஒவ்வாது. ஆகவே தலை மாறா அளவில் இருக்க, கழுத்துதான் நீளுகிறது.

இரண்டு, வட்டம் தாய்த்துண்டின் முனையில் விளிம்பால் ஒட்டியிருக்கிறது, மையத்தால் அல்ல. சக்கரத்தை வட்டத் துண்டாக வைத்து உருட்ட முயன்றால், அது அச்சைச் சுற்றாமல் விளிம்பைச் சுற்றி ஊசலாடும். இதற்கு எளிய மாற்று உண்டு: 1 அலகு நீளமும் 36 தடிமனும் உள்ள, முனை உருண்ட துண்டு. உருண்ட முனை கணுவைத் தாண்டித் தடிமனில் பாதி அளவுக்கு எல்லாப் பக்கமும் பரவுவதால், கணுவையே மையமாகக் கொண்ட முழு வட்டு கிடைத்துவிடும். அதன்மேல் வெளிர்நிறத்தில் சிறு கோடு ஒன்றைச் சேர்த்தால் சக்கரம் உருளுவதும் தெரியும். மூன்று சக்கரங்களுக்கும் சேர்த்தால் துண்டு எண்ணிக்கை 31 ஆகும், செலவுக்கு ஏற்ற பயன்தான்.

இதே உருண்ட முனை பெட்டிக்கும் கால்களுக்கும் எதிரி. 40 தடிமனுள்ள தொடைக்கு உருண்ட முனை வைத்தால், அது 20 அலகு கூடுதலாகப் பரவி லாரியின் பின்பக்கத்தைக் கோழிமுட்டை ஆக்கிவிடும். எனவே கால், மார்பு, இடுப்பு ஆகியவற்றுக்குத் தட்டை முனையும், கைகளுக்கும் சக்கரங்களுக்கும் உருண்ட முனையும் கொடுங்கள். நீளும் துண்டுக்கு உருண்ட முனை கொடுத்தால், எவ்வளவு சுருக்கினாலும் தடிமன் அளவில் ஒரு புள்ளி எஞ்சி நிற்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

சுருங்கும் துண்டுகளை 0-வுக்குக் கொண்டுபோகாமல் 1-இல் நிறுத்தச் சொன்னதற்கும் காரணம் இதை ஒட்டியதே. நீளம் 0 ஆனால் இரு கணுக்களும் ஒரே இடத்தில் விழும், அந்தத் துண்டுக்குத் திசை என்று ஒன்று இல்லாமல் போகும். மீண்டும் பிடித்து இழுக்கும்போது விரல் போன திசையில் அது புறப்படும்.

எது முன்னால், எது பின்னால்

உறுப்புகள் வரையப்படும் வரிசை உருவத்தோடு நிலைத்திருப்பது, ஆகவே இரு நிலைகளுக்கும் ஒரே வரிசை பொருந்த வேண்டும். பின்னாலிருந்து முன்னால் இப்படி அடுக்கலாம்: கட்டுப்பாட்டுத் துண்டும் தண்டவாளங்களும், அப்பக்கத்துக் கை, சக்கரங்கள், அப்பக்கத்துப் பாதம், அப்பக்கத்துக் கால், கழுத்து, தலை, இடுப்பு, நம் பக்கத்துப் பாதம், நம் பக்கத்துக் கால், மார்பு, கடைசியாக நம் பக்கத்துக் கை.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. மனித நிலையில் நம் பக்கத்துக் கை மார்புக்கு முன்னால் இருந்தாக வேண்டும், லாரி நிலையில் அது மறைந்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே வரிசையில் நடக்காது. கையை நீளும் துண்டாக்கி 1 அலகுக்குச் சுருக்கலாம் என்று தோன்றும், ஆனால் அது நாம் தவிர்க்க நினைத்த ரப்பர் கைக்கே கொண்டுபோய்விடும். நான் கண்ட தீர்வு அதை மறைக்காமல் விடுவது. கேபின்மேல் மடிந்திருக்கும் 50-க்கு 22 அளவுள்ள அந்தப் பட்டைக்குக் கேபினைவிடச் சற்றே அடர்ந்த நிறம் கொடுத்தால், பார்ப்பவர் அதை லாரியின் கதவு என்றே எண்ணுவார். பிறகு கதவு கையாக எழும்பும்போது கிடைக்கும் வியப்பு இனாம்.

எழுந்து நிற்கச் செய்தல்

லாரி நிலை, மனித நிலை இரண்டையும் தனித்தனி ஃபிரேமில் வைத்து, மாறி மாறிப் புரட்டிப் பாருங்கள். எந்த உறுப்பும் துருத்தவில்லை, எந்த இடைவெளியும் வெளிச்சம் காட்டவில்லை என்று உறுதியான பிறகே அசைவூட்டத்தில் இறங்குங்கள். பாதியில் உருவத்தைத் திருத்த நேர்ந்தால், ஏற்கெனவே வைத்த ஃபிரேம்களையும் தொட வேண்டிவரும்.

நொடிக்கு 24 ஃபிரேம் என்று கொண்டால் முழு மாற்றத்துக்கும் இரண்டு நொடி, அதாவது 48 ஃபிரேம் நல்ல தொடக்கம். எல்லாத் துண்டுகளும் ஒரே நேரத்தில் புறப்பட்டு ஒரே நேரத்தில் நின்றால், கண் எதையும் பின்தொடர முடியாமல் உருவம் உருகி வழிவதுபோல் தெரியும். ஒன்றன் வேலை பாதி முடியும்போது அடுத்தது தொடங்க வேண்டும்.

முதலில் லாரி மண்டியிடுகிறது. சக்கரத் தண்டவாளங்கள் மூன்றும் 1-க்குச் சுருங்க, மூலக்கணு 62 அலகு உயரத்திலிருந்து 40-க்கு இறங்குகிறது. 62 என்பது சக்கர மையத்தின் 44-உம் ஆரமான 18-உம் சேர்ந்தது, 40 என்பது பெட்டி தரையில் அமரும் உயரம். இரண்டு அசைவும் ஒரே ஃபிரேமில் தொடங்கி ஒரே ஃபிரேமில் முடியாவிட்டால், சக்கரம் தரைக்குள் புதையும் அல்லது லாரி அந்தரத்தில் நிற்கும்.

அடுத்து எழுச்சி. கட்டுப்பாட்டுத் துண்டை 0, 8, 25, 55, 78, 90 என்ற கோணங்களில் நிறுத்தி, இடையே சமமான எண்ணிக்கையில் இடைநிலைகளை நிரப்புங்கள். தொடக்கத்தில் தயங்கி, நடுவில் விரைந்து, முடிவில் மெதுவாக அமரும் எடை அதில் கிடைக்கும். இதே காலத்தில் மூலக்கணு 40-லிருந்து 7-க்கு இறங்க வேண்டும், 7 என்பது பாதத் தடிமனில் பாதி. கோணம் 25-ஐத் தாண்டும்போது பாதங்கள் விரியத் தொடங்கி, 78-க்குள் முன்பக்கமாக 90 பாகை திரும்பிவிட வேண்டும், உடலின் எடை முழுதும் வந்து சேரும்போது பாதம் தரையில் இருக்க வேண்டுமல்லவா? இடுப்புத் தண்டவாளங்கள் 55-இல் தொடங்கி 20-லிருந்து 4-க்குச் சுருங்க, பிளந்து நின்ற இரு பட்டைகளும் ஒன்றையொன்று மூடிக் கால்களாகின்றன. இடுப்பு 78-இல் நீளத் தொடங்கி, உடல் நின்றபிறகு 30-ஐ அடைகிறது.

கைகள் விரிவதில் ஓர் எச்சரிக்கை. முன்கை சரியாக 180 பாகை மடிந்திருக்கிறது. அதை நேராக்கச் சொன்னால், முழங்கை எந்தப் பக்கமாகத் திறக்க வேண்டும் என்பது மென்பொருளுக்குத் தெரியாது, பாதிநேரம் தவறான பக்கத்தையே தேர்ந்தெடுக்கும். லாரி நிலையிலேயே மடிப்பை 175 பாகையில் வைத்துவிடுங்கள். அதோடு, திறப்பை இரண்டு தாவலாகப் பிரித்து, நடுவில் 90 பாகையில் ஒரு ஃபிரேமை நீங்களே வையுங்கள். இந்த விதி 180-ஐ நெருங்கும் எந்தத் திருப்பத்துக்கும் பொருந்தும்.

தலை கடைசியில் வரட்டும். கழுத்து 1-லிருந்து 44-க்குப் போய், இரண்டு ஃபிரேம் கழித்து 40-க்குத் திரும்பட்டும். இடுப்பையும் இப்படியே 33 வரை கொண்டுபோய் 30-க்கு இறக்குங்கள். மேலே போய் அமரும் இந்தச் சிறு துள்ளல்தான் பூட்டு விழுந்த ஓசையைக் கண்ணுக்குக் காட்டுகிறது. இடுப்புத் தண்டவாளத்துக்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள். 4-க்குக் கீழே போய்த் திரும்பினால் கால்கள் நடுங்குவதுபோல் தெரியும்.

நின்றபின்

இப்போது நிற்கும் மனிதனுக்கு மூலக்கணு கணுக்காலின் அருகே இருக்கிறது. நடக்க வைக்க இது தோதான இடமல்ல, ஏனெனில் இடுப்பைப் பிடித்து நகர்த்த வழியில்லை. இதே உருவத்தை இன்னொரு பெயரில் சேமித்து, கட்டுப்பாட்டுத் துண்டை நீக்கி, இடுப்பையே மூலக்கணுவாகக் கொண்டு அளவுகள் மாறாமல் மறுபடி அமைத்துக்கொள்ளுங்கள். உருமாற்றம் முடிந்து உருவம் அசையாமல் நிற்கும் ஃபிரேம்களில் ஒன்றைத் தேர்ந்து, அங்கே பழையதை எடுத்துவிட்டுப் புதியதை அதே நிலையில் வைத்துவிடலாம். தொடக்கத்தில் உருவங்களை மாற்றி வைப்பதைக் குறை சொன்னவன் முடிவில் அதையே செய்யச் சொல்கிறேனே என்று கேட்கலாம். இரண்டும் ஒரே அளவில், ஒரே நிலையில், அசைவற்ற ஃபிரேமில் மாறுவதால் எந்தக் கண்ணும் அதைப் பிடிக்காது. கழுத்து 40, இடுப்பு 30, தண்டவாளம் 4 என்ற நீளங்கள் இரு உருவங்களிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரு அலகு பிசகினாலும் அந்த ஃபிரேமில் உருவம் விக்கல் எடுக்கும்.

மீண்டும் லாரியாக மாற வேண்டும் என்றால், ஃபிரேம்களைப் பின்னிருந்து முன்னாக அடுக்கினால் போதும் என்று தோன்றும். அப்படிச் செய்தால் தொடக்கத் தயக்கமும் இறுதித் துள்ளலும் இடம் மாறி, உருவம் விழுவதற்குப் பதிலாகக் காற்றில் இறங்குவதுபோல் தெரியும். கோணங்களை 90, 86, 72, 44, 0 என்று புதிதாகப் பிரித்து, தரையைத் தொடும் கடைசிப் பகுதி நீண்ட தாவல்களாக இருக்கும்படி வையுங்கள். பெட்டி தரையில் மோதிய அடுத்த ஃபிரேமிலேயே சக்கரத் தண்டவாளங்கள் நீளத் தொடங்கட்டும், 24-உம் 44-உம் கடந்து இரண்டு அலகு கூடுதலாகப் போய்த் திரும்பட்டும், மூலக்கணுவும் அதே இரண்டு அலகு மேலேறி இறங்கட்டும். ஸ்பிரிங் பொருத்திய வண்டி குலுங்கி நிற்கும், அதன்பிறகு உருட்டிக்கொண்டு போகலாம்.